கீற்று முடையும் கொல்லை

பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளுக்குள் நடந்தால் கீற்று முடையும் இடத்தை யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் ஊறும் தென்னை மட்டையின் வாடையே கூட்டிக்கொண்டு போய்விடும். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வரும் மாதங்களில் கிளை வாய்க்காலிலும், வராத மாதங்களில் குட்டையிலும் மட்டைகளை ஊறப்போடுகிறார்கள். நான் போனபோது, கரையேற்றி அடுக்கிய மட்டைகளின் பக்கத்தில் நான்கைந்து பெண்கள் புங்க மர நிழலில் குந்தி முடைந்துகொண்டிருந்தார்கள்.

நெட்டைத் தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை என்ற கணக்கில் ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மட்டைகளைக் கழிக்கும். மட்டையின் அடியையும் நுனியையும் வெட்டிவிட்டு, நடு நரம்போடு இரண்டாகப் பிளக்கிறார்கள். பிளந்த பாதியில் ஓலைகள் ஒரு பக்கமாக விழுந்து கிடக்கும். அதைத் தரையில் போட்டு, நரம்பைக் காலால் மிதித்துக்கொண்டு, ஒன்று விட்டு ஒன்றாக ஓலையை மடித்து, அடுத்த ஓலைக்கு மேலும் கீழுமாகக் கோத்து வாங்குகிறார்கள். ஒரு சாண் முடைந்ததும் ஒரு எட்டு நகர்கிறார்கள். கடைசி ஓலைகளைப் பிரியாதபடி முடிச்சிட்டதும் கீற்று தயார். இத்தனைக்கும் பேச்சு நிற்பதில்லை. பேத்தியின் காதுகுத்து, ரேஷன் கடை வரிசை, யார் வீட்டு ஆடு யார் கொல்லையில் மேய்ந்தது என்று எல்லாம் ஓடுகிறது. கை தன் பாட்டுக்குப் போகிறது.

அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் எனக்காக வேகத்தைக் குறைத்து முடைந்து காட்டினார். "காஞ்ச ஓலைன்னா ஒடியும் தம்பி. ரொம்ப ஊறிட்டா இத்துப்போவும். பதம் பாத்துத் தண்ணிய விட்டு எடுக்கணும், எடுத்த அன்னைக்கே கைய வைக்கணும்" என்றார். பதம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஓர் ஓலையைக் கிள்ளி என் விரலில் சுற்றிவிட்டார். வளைந்தது, விரியவில்லை. அதுதான் பதம்.

இங்கே கூலி நாளுக்கு அல்ல, கீற்றின் எண்ணிக்கைக்கு. அதனால் முழங்கால் வலிக்கிறது என்று எழுந்தால் வருமானம் உட்கார்ந்துவிடும். ஓலையின் ஓரம் கிழித்துக் கிழித்து அந்த அம்மாவின் விரல் நுனிகள் தடித்துப் போயிருந்தன. இந்த வேலையைத் திறன் தேவைப்படாத உடலுழைப்பு என்று ஒதுக்குவது அநியாயம். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி, ஆணியும் பசையும் இல்லாமல், வெறும் மடிப்பால் ஒரு பலகை செய்கிறார்கள். இதைத் திறன் என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

முடைந்த கீற்று வெயிலில் காய்ந்து, கட்டுக் கட்டாகக் கூரை மேய்கிறவரிடம் போகிறது. மேய்வது என்றுதான் இந்த ஊரில் சொல்கிறார்கள். "வீடு மேயணும்" என்றால் கூரை மாற்ற வேண்டும் என்று பொருள். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு மேய்ச்சலில் இருந்தது. மூங்கில் கைமரங்கள், அவற்றின் குறுக்கே பிளாச்சு வரிச்சல்கள். கீற்றைத் தாழ்வாரத்தில் தொடங்கி மேலே மேலே ஏற்றுகிறார்கள். கீழ் வரிசையின் தலையை மேல் வரிசை மூடிக்கொண்டே போய் முகட்டில் முடியும். அங்கே இரண்டு பக்கமும் விழும்படி கீற்றை மடித்துப் போட்டு இறுக்குவார்கள். கட்டுவதற்கு ஊறிய பனைநார்; நார் கிடைக்காத இடத்தில் இப்போது பிளாஸ்டிக் கயிறு.

கூரையின் ஆயுள் வரிசைகளின் நெருக்கத்தில் இருக்கிறது. நெருக்கி மேய்ந்தால் கீற்று அதிகம் செலவாகும், வீடு மூன்று மழைக்காலம் தாங்கும். அகல மேய்ந்தால் இரண்டாவது ஐப்பசியிலேயே வெளிச்சம் தெரியும். கையில் பணம் குறைவாக இருக்கும் வீடுதான் அகல மேய்கிறது. ஆகவே அந்த வீடுதான் சீக்கிரம் மறுபடி செலவழிக்கிறது. மேலே உட்கார்ந்திருந்தவர் இதைக் கோபமாகவே சொன்னார். "நாலு கட்டு கூட வாங்குங்கன்னா கேக்க மாட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, எங்க போவாங்க பணத்துக்கு?"

அந்த வீட்டின் கொல்லையைப் பார்த்த பிறகுதான் கீற்றுக் கூரையைத் தனியாக எழுத முடியாது என்று புரிந்தது. பிரித்துப் போட்ட பழைய கீற்றில் பாதி அடுப்புக்கு. மீதி இற்றுப்போனது, தென்னை மூட்டில் மூடாக்காக விழுந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்குப் போகிறது. அடுப்புச் சாம்பல் அவரைக் கொடியில் அசுவினி விழுந்தால் தூவுவதற்கு. அந்த அடுப்பின் புகையே கூரைக்குள் படிந்து பூச்சியை விரட்டுகிறது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் கீற்று சீக்கிரம் உளுத்துப்போவது அதனால்தான்.

ஆடியில் ஊன்றிய சுரையும் பீர்க்கும் கூரை மேல் ஏறியிருந்தன. இதில்தான் கூரை மேய்கிறவருக்கும் வீட்டுக்கார அக்காவுக்கும் பழைய வழக்கு. கொடி படர்ந்தால் அடியில் ஈரம் நின்று கீற்று அழுகும் என்பது அவர் கட்சி. கொடி இல்லாவிட்டால் வெயில் நேராக விழுந்து கீற்று முறுகும், வீட்டுக்குள்ளும் கொதிக்கும் என்பது அக்காவின் கட்சி. இருவர் சொல்வதும் சரி. வழக்கைத் தீர்த்து வைத்தது ஒரு பந்தல். கொடியைச் சுவர் ஓரத்தில் மூங்கில் பந்தலில் ஏற்றி, தாழ்வாரத்தில் ஒரு கை அகலம் மட்டும் கூரையைத் தொட விடுகிறார்கள். முகட்டுக்கு அனுமதி இல்லை. அவரைக்குத் தனிப் பந்தல். ஆடியில் ஊன்றியது கார்த்திகையில் பூத்து, தைப் பொங்கல் கூட்டுக்குக் காய் தரும். பந்தலுக்குக் கீழே இஞ்சி, அதற்கும் ஓரத்தில் கறிவேப்பிலை. மிகச் சிறிய இடம்தான். விதைச் சுரை ஒன்று முற்றிக் காயட்டும் என்று கூரை ஓரத்தில் விடப்பட்டிருந்தது. அடுத்த ஆடிக்கு விதை கடையில் வாங்க வேண்டாம்.

இந்தச் சுழற்சியை 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் முறித்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. முதல் சில வாரம் எங்கு பார்த்தாலும் மட்டை. எடுத்து முடைய ஆளில்லை, முடைய மனசும் இல்லை. பிறகு மட்டையே இல்லை. புதிதாக வைத்த நெட்டைக் கன்று காய்ப்புக்கு வரவே ஐந்தாறு ஆண்டு ஆகும். முறையாக மட்டை கழிக்கும் மரமாக அது வளரும்வரை கூரைக்கு எங்கே போவது? பல வீடுகளில் தார்ப்பாயும் தகர ஷீட்டும் ஏறின. ஏறியவற்றில் பல இறங்கவில்லை.

இறங்க வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். கூரை வீட்டின் குளிர்ச்சியைப் புகழ்ந்துவிட்டு மாடி வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் இந்த மாவட்டங்களின் நினைவையும் கொஞ்சம் படிக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் எரிக்கப்பட்டது ஒரு குடிசைக்குள் வைத்துத்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைத் தின்ற தீயும் கீற்றுக் கூரையில்தான் பற்றியது. புயல் தவறாத கடற்கரையில், தீக்கு அஞ்சித் தூங்கும் வீட்டில், சிமெண்ட் கூரை வேண்டும் என்பது பேராசை அல்ல. 2010இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 லட்சம் குடிசைகளை மாற்றப் புறப்பட்டது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்கிறது. வீட்டுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய்.

என் கேள்வி வேறு. வீடு மாறலாம், மாற வேண்டும். ஆனால் முடைகிற கைக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? கீற்றுக்குத் தேவை ஒழிந்துவிடவில்லை. சிமெண்ட் வீடு கட்டியவர்களே வெப்பம் தாங்காமல் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போடுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்கு அழகுக்காகவே கீற்று வேண்டியிருக்கிறது. கல்யாணப் பந்தல், கோயில் திருவிழா, கோழிப்பண்ணை என்று லாரி போய்க்கொண்டுதான் இருக்கிறது. குடிசைக்காரர் வாங்கிய காலத்தில் கீற்று மலிவாக இருந்தாக வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருந்தது. விடுதிக்காரர் வாங்கும்போதும் முடைகிறவளின் கூலி குடிசைக் காலத்திலேயே நிற்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இடையில் தரகர், லாரி, பந்தல்காரர் எல்லோருக்கும் விலை ஏறியிருக்கிறது. கீற்றுக்கு இத்தனை என்று கூலி பேசும் இடத்தில் இந்தப் பெண்கள் இல்லை. அவர்கள் சேர்ந்து, தாங்களே பந்தல்காரரிடம் விலை பேச ஒரு குழு வழி செய்தால் போதும். மகளிர் குழுக்கள் இந்த ஊர்களிலேயே இருக்கின்றன.

எனக்கு முடைந்து காட்டிய அம்மாவுக்கும் வீட்டுக்கான ஆணை வந்திருந்தது. அஸ்திவாரத்துக்குக் கோடு கிழித்திருந்த இடத்தைக் காட்டினார். கோடு அவரைப் பந்தலின் மேல் போகிறது என்று மேஸ்திரியிடம் சண்டை பிடித்து, ரெண்டடி தள்ளிப் போட வைத்திருந்தார். பழைய கூரையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"நல்லதாப் பாத்து எடுத்து வாசல்ல ஒரு சாய்ப்பு எறக்கிருவேன். முடையிறதுக்கு நெழல் வேணும்ல. இத்தது எல்லாம் தென்னங்கன்னு குழிக்கு" என்றவர், மருமகளைக் கூப்பிட்டு, அடுத்த மட்டையைப் பிளந்து போடச் சொன்னார்.