கிரேடு ஒன்று

மும்பை மாதுங்காவில் மூன்றாவது மாடி ஃபிளாட். 2021ல் மகனின் கம்பெனி செலவில் அப்பா, அம்மா இருவருக்கும் முழு உடல் பரிசோதனை. ரிப்போர்ட் வந்தது. அப்பாவுக்குக் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2. அம்மாவுக்கும் கொழுப்புதான், ஆனால் கிரேடு 1.

அன்றைக்கே சமையலறையில் சட்டம் மாறியது. அப்பாவுக்கு இரவில் சப்பாத்தி. மாதம் இரண்டு முறை நண்பர்களோடு அருந்தும் விஸ்கிக்குத் தடை. காலையில் ஃபைவ் கார்டன்ஸ் வரை கட்டாய நடை. அந்த நேரத்தில் அம்மா டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். மீந்த சோற்றுக்கும் அவர்தான் கதி. "எனக்கு ஒண்ணுதானே? நான் என்ன குடிக்கிறேனா?" என்பார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

மூன்று வருடம் கழித்து, கணவரின் மறுபரிசோதனைக்குத் துணையாகப் போனவரையும் டாக்டர் ஃபைப்ரோஸ்கேன் மேஜையில் படுக்க வைத்தார். கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் கருவி அது. 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 12ஐத் தாண்டினால் தழும்பு முற்றியிருக்கக்கூடும். கணவருக்கு 6. மனைவிக்கு 13.

டாக்டர் கேட்ட அடுத்த கேள்வி அந்த அம்மாளைத் திகைக்க வைத்தது. "மாதவிலக்கு எப்போது நின்றது?" கல்லீரல் டாக்டருக்கு எதற்கு இந்த விசாரணை?

நிற்கவில்லை, நிறுத்தப்பட்டது. 2008ல், 39 வயதில், கட்டி என்று சொல்லி ஒரு நர்ஸிங் ஹோமில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். "இருந்தால் பின்னால் தொல்லை" என்று இரண்டு சினைப்பைகளும் கூடவே போயின. ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிய சமாச்சாரம். கல்லீரலைப் பற்றி அப்போது யார் நினைத்தார்கள்?

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் தங்கவைக்கிறது. கல்லீரலில் கொழுப்பு சேர்வதையும் தழும்பு விழுவதையும் ஓரளவு தடுக்கிறது. அது வற்றியதும் கொழுப்பு வயிற்றுக்குள் இடம் மாறுகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடும் பெண்கள் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிவது டாக்டர்கள் நன்கறிந்த விஷயம். ஆண் ஹார்மோனின் போக்கோ விசித்திரம்: டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்குக் குறைந்தாலும், சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கு அதிகரித்தாலும் கல்லீரல் கொழுப்புக்கு வாய்ப்பு கூடுகிறது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021ல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. இந்த நோய் வரும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு 19 சதவீதம் குறைவு. ஆனால் வந்துவிட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், தழும்பு முற்றும் அபாயம் பெண்களுக்கு 37 சதவீதம் அதிகம். ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல். 'ஆம்பிளை நோய்' என்ற பேச்சில் பாதிதான் உண்மை.

கிரேடு விவகாரத்திலும் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. வயிற்று ஸ்கேன் சொல்லும் கிரேடு, கொழுப்பின் அளவு மட்டுமே. தழும்பைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. முற்றிய நோயாளிகள் சிலருக்குக் கொழுப்பு குறைந்துகூடக் காட்டும். எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்துவிட்டால் நிம்மதி இரட்டிப்பு, அதுவும் தவறாக. வயது, இரண்டு கல்லீரல் என்ஸைம்கள், பிளேட்லெட் எண்ணிக்கை - இந்த நான்கையும் வைத்துப் போடும் ஃபிப்-4 என்ற கணக்குக்குத் தனியாக ஸ்கேன்கூடத் தேவையில்லை. 2021 ரிப்போர்ட்டிலேயே நான்கும் இருந்தன. போட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை.

"ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா டாக்டர்?" என்று அந்த அம்மாள் கேட்டார். கல்லீரலுக்காக அதைக் கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் தழும்பே இளக வாய்ப்புண்டு என்றார் டாக்டர். அப்போது எடை 71 கிலோ.

இப்போது ஃபைவ் கார்டன்ஸுக்கு இருவரும் போகிறார்கள். டிபன் பாக்ஸை மகனே கட்டிக்கொள்கிறான். உப்பு சில நாள் கூடும், சில நாள் மறந்தே போகும். ஒரு வருடத்தில் அம்மா 66 கிலோவுக்கு இறங்கினார். இன்னும் இரண்டு கிலோ பாக்கி.