அலமாரியின் சாவி

சென்ற ஆண்டு எங்கள் ஊரில் ஒரு திருமண வீட்டில், விருந்து முடிந்து பெண்கள் ஓய்வாக அமர்ந்திருந்த நேரத்தில், ஏறத்தாழ ஐம்பது வயதுள்ள ஒரு பெண்மணி என் அருகில் வந்து உட்கார்ந்தார். "டீச்சர், என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டார். முக்காட்டுக்குள் தெரிந்த சிரிப்பு பழக்கமானதாக இருந்தது. பெயர் நினைவுக்கு வரவில்லை. 1988ஆம் ஆண்டில் என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்தவர் அவர். எட்டாவது முடிந்ததும் வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டார். நலம் விசாரித்து முடிந்தபின், சற்றுத் தயங்கி ஒன்று கேட்டார்.

"நம்ம வகுப்பில் ஒரு மர அலமாரி இருந்ததே டீச்சர், அதற்குள்ளே என்னதான் இருந்தது?"

கேலியாக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். ஒருநாள் நான் அதைத் திறந்தபோது அவர் எட்டிப் பார்த்தாராம். "போய் இடத்தில் உட்கார்" என்று நான் அதட்டினேனாம். எனக்கு அது நினைவில்லை. அவருக்கு நினைவிருக்கிறது.

என்ன இருந்தது என்று சொன்னேன். ஒரு பௌதிகத் தராசு, எடைக்கற்கள் கொண்ட பெட்டி, சில முகவைகள், சோதனைக் குழாய்கள், சாராய விளக்கு இரண்டு, ஒரு லாட காந்தம், குவிலென்சுகள். தராசு வந்தபோது சுற்றியிருந்த வைக்கோல் கடைசிவரை பிரிக்கப்படவில்லை. அவர் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். பிறகு யாரோ அழைத்தார்கள், எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வாசக நேயர்களே, முப்பத்து நான்கு ஆண்டுகள் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து 2008இல் ஓய்வு பெற்றவள் நான். என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் இருந்த ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தது. ஒரு குழாய் உடைந்தாலும் விளக்கம் எழுத வேண்டும். சில வேளை சம்பளத்திலிருந்து கட்டவும் வேண்டும். வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். ஆகவே பூட்டினேன். சாவி என் கைப்பையில் இருந்தது. உயிர்வளி தயாரிக்கும் முறையைக் கரும்பலகையில் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, பிள்ளைகளை எழுதச் செய்தேன். தேர்ச்சி விகிதம் நன்றாகவே இருந்தது. எவரும் குறை கூறவில்லை.

பூட்டாமலே ஒரு வழி இருந்திருக்கிறது என்பதை ஓய்வுபெற்ற பிறகுதான் அறிந்தேன். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் ஈடுபாடுள்ள இளம் ஆசிரியை ஒருவர், அரவிந்த் குப்தாவின் நூல் ஒன்றின் தமிழாக்கத்தை எனக்குப் படிக்கக் கொடுத்தார். தீக்குச்சி, பழைய காகிதம், மருந்துப் புட்டி ஆகியவற்றைக் கொண்டு அறிவியல் செய்யும் நூல். இவர் யார், இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனேன். அந்தத் தேடல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் போய் நின்றது. 2022 முதல் அதற்கு நர்மதாபுரம் என்று பெயர்.

1972இல் அங்கே இரண்டு தொண்டு நிறுவனங்கள் ஒன்று சேர்ந்தன. ஒன்று, கிஷோர் பாரதி. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியலாளராக இருந்த அனில் சத்கோபால், அந்தப் பதவியைத் துறந்து வந்து ஒரு கிராமத்தில் தொடங்கியது. மற்றொன்று, ரசூலியா என்னும் இடத்தில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் நிறுவிய பிரெண்ட்ஸ் கிராமிய மையம். அதை அப்போது நடத்தியவர் சுதர்சன் கபூர். அரசுப் பள்ளியில், அரசு ஆசிரியர்களைக் கொண்டே, பிள்ளைகள் தம் கையால் சோதனை செய்து அறிவியல் கற்க முடியுமா என்று பார்க்க விரும்பினார்கள். மாநில அரசு 16 நடுநிலைப் பள்ளிகளை ஒப்படைத்தது. தனிப்பள்ளி ஒன்று கட்டி நாலு பணக்காரப் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பெயர் வாங்குவது எளிது. அவர்கள் அதைச் செய்யவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது.

டாட்டா நிறுவன விஞ்ஞானிகளும் டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் விடுமுறைகளில் ரயிலேறி வந்தார்கள். கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் அமர்ந்து, அதே சோதனைகளைத் தாமும் செய்தார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கென ஆசிரியர்களுக்கு மூன்று கோடைகளில், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ மூன்று வாரம் பயிற்சி. பிறகு மாதம் ஒருமுறை கூட்டம். வகுப்பில் எது சரிவரவில்லை என்பதைப் பேசுவதற்காகவே அது. சில ஆண்டுகளில் அந்த ஆசிரியர்களிலிருந்தே பயிற்சி தருபவர்கள் உருவானார்கள்.

பிள்ளைகள் நால்வர் நால்வராகப் பிரிந்து சோதனை செய்தார்கள். "பால வைக்ஞானிக்" என்ற நூல் அவர்களுக்குப் பாடநூல். அதில் விடைகள் இல்லை, செய்ய வேண்டியவையும் கேள்விகளுமே இருந்தன. பள்ளிக்கொரு சாதனப் பெட்டி. உடைவதும் தீர்வதும் இயல்பு என்று எடுத்துக்கொண்டு, அவற்றை மீண்டும் நிரப்பவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்த ஒரு ஏற்பாடு இருந்திருந்தால்!

அளவையைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. ஒரே பொருளைப் பிள்ளைகள் எல்லோரும் அளக்கிறார்கள். ஒருவர் அளவுபோல் மற்றவர் அளவு வருவதில்லை. நானாக இருந்தால், "சரியான விடை இது, மற்றவர்கள் அழித்து எழுதுங்கள்" என்றிருப்பேன். அங்கே அப்படி இல்லை; எல்லா அளவுகளையும் பலகையில் எழுதி, ஏன் வேறுபடுகின்றன, எந்த அளவு அடிக்கடி வருகிறது என்று அவர்களையே பார்க்கச் செய்தார்கள். நாணயத்தைச் சுண்டிச் சுண்டி நிகழ்தகவைக் கற்பிக்கும் பாடமும் இருந்தது. தேர்வு எழுதும்போது புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்; செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடம் செய்தவனுக்கு அதில் பெரிய பயன் எதுவுமில்லை.

பிள்ளைகள் கேள்வி கேட்டால், ஆசிரியர் "எனக்குத் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லலாம். அது குறையாகக் கருதப்படவில்லை. அப்படியும் தீராத கேள்விகளைச் "சவாலிராம்" என்பவருக்குக் கடிதமாக எழுதலாம். அப்படி ஒரு மனிதர் கிடையாது, கற்பனைப் பெயர்தான். ஆனால் பதில் வரும். தமிழில் நாம் சவால் என்றால் அறைகூவல் என்கிறோம். அதன் மூலமான அறபுச் சொல்லுக்குக் கேள்வி என்பதே பொருள் என்பது மதரஸாவில் ஓதிய நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கேள்விராம் என்று பெயர் வைத்தவர்களின் நகைச்சுவையை நினைத்து நான் தனியே சிரித்தேன்.

1978இல் இந்தத் திட்டம் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அந்த ஆண்டில்தான் அரவிந்த் குப்தா அங்கே வந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், புனேயில் டெல்கோ லாரித் தொழிற்சாலையில் பொறியாளர். மாணவராக இருந்தபோதே அனில் சத்கோபாலின் உரையைக் கேட்டு மனத்தில் வைத்திருந்தவர், ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத்துக்குப் புறப்பட்டார். வாரச் சந்தையில் அலைந்து, மலிவாகக் கிடைக்கும் பொருள்களை வாங்கிப் பார்த்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் வால்வில் போடும் மெல்லிய ரப்பர்க் குழாய் உண்டல்லவா, கடைக்காரர்கள் "வால்டியூப்" என்பார்களே, அதைச் சிறு துண்டாக நறுக்கி, இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினால் வளைந்துகொடுக்கும் மூட்டு ஒன்று கிடைக்கிறது. கருவேல முள்ளால் துண்டின் நடுவில் துளையிட்டு இன்னொரு குச்சியைச் செருகினால் மூன்று குச்சி மூட்டு. இவ்வளவுதான். இதிலிருந்து முக்கோணம், சதுரம், நான்முகி, வீடு, கோபுரம் எல்லாம் பிறக்கின்றன. பின்னாளில் வேலையையும் விட்டு, வாழ்நாளை இதற்கே கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அவருடைய நூல்களை இணையத்தில் யாரும் காசின்றிப் படிக்கலாம்.

1982இல் இந்தப் பணியைத் தொடர்ந்து எடுத்துச் செல்ல ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது. டில்லியில் இயற்பியல் ஆசிரியப் பணியை விட்டு வந்த வினோத் ரைனா அதன் முன்னோடிகளில் ஒருவர். 2013இல் காலமானார். கட்டாயக் கல்விச் சட்டத்தை வரைந்தவர்களிலும் அவர் இருந்தார். பிற மாவட்டங்களுக்கும் பரவி, ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளில் ஒரு லட்சம் பிள்ளைகள்வரை இந்த முறையில் படித்தார்கள்.

2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. உயர்நிலை வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்றும், மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடநூல் வேண்டும் என்றும் உள்ளூர் அரசியல்வாதிகள் சொன்னார்கள். முப்பது ஆண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்தது. எல்லாப் பள்ளிகளிலும் திட்டம் செவ்வனே நடந்தது என்று அதை நடத்தியவர்களே உரிமை கொண்டாடவில்லை. பெட்டியைத் திறக்காத ஆசிரியர்கள் அங்கும் இருந்தார்கள். என் இனத்தவர்! எனினும் நன்றாகச் செய்த ஆசிரியர்களுக்கு அந்த ஆணை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஏகலவ்யா நின்றுவிடவில்லை. போபாலை மையமாகக் கொண்டு நூல்கள் வெளியிடுகிறது. 1985இல் தொடங்கிய "சக்மக்" என்னும் சிறுவர் மாத இதழையும் நடத்துகிறது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1986இல் கோடை விடுமுறை முடியும் தறுவாயில், டில்லியில் இருந்த என் காக்கா வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்பினோம். ரயில் நர்மதைப் பாலத்தில் ஓடியபோது என் வாப்பா பிள்ளைகளை எழுப்பி ஆற்றைக் காட்டினார்கள். கரையில் இருந்த ஊர் ஹோஷங்காபாத். எனக்கு அது வெறும் ரயில் நிலையப் பெயர். என்னைப் போன்ற எத்தனையோ நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் அந்த மாவட்டத்தில் பெட்டியைத் திறந்து பிள்ளைகள் முன் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அலமாரிச் சாவி அப்போதும் என் கைப்பையில்தான் இருந்தது. பள்ளியில் விட்டுவர மனம் வரவில்லை.

திருமண வீட்டில் சந்தித்த அந்த மாணவியின் வீட்டை விசாரித்து அறிந்தேன். ஒரு தீப்பெட்டி, இரண்டு முழம் வால்டியூப், செய்முறையை என் கையால் எழுதிய தாள் ஒன்று, இவற்றை ஒரு பையில் போட்டு என் பேரனிடம் கொடுத்தனுப்பினேன். "நன்னி, இதற்குப் போய் ஒரு மனுசனை அனுப்புவார்களா?" என்று முனகிக்கொண்டே போனான். என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் எனக்கும் இருந்தது.

நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். ஸலாம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார். முக்கோணம் செய்தாராம், எந்தப் பக்கம் அழுத்தினாலும் வடிவம் மாறாமல் நிற்கிறதாம். சதுரம் செய்தால் சாய்ந்து சாய்ந்து போகிறதாம். ஏன் டீச்சர் என்றார்.

விடை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முயன்று அடக்கிக்கொண்டு, "மூலைக்கு மூலை ஒரு குச்சி கொடுத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

சற்று நேரம் ஓசையில்லை. பேரப்பிள்ளைகள் ஏதோ பேசுவது கேட்டது.

"குச்சி எட்டவில்லை டீச்சர்."

எப்படி எட்டும்? மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளம் என்று எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! கையில் எடுத்துச் செய்து பார்த்தவளாக இருந்தால் அந்த யோசனையையே சொல்லியிருக்க மாட்டேன். அதை அவரிடம் ஒப்புக்கொள்ள வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"இருங்க டீச்சர், விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்து வைக்கிறேன்... ஊக்கால் துளை போட்டேன்... ஆ, நிற்கிறது. அசையவே இல்லை."