திரும்பி வந்த பயிற்றுநர்

1936ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. பார்சிலோனா காற்பந்துக் குழுவின் பயிற்றுநர் பேட்ரிக் ஓகானல் அப்போது விடுமுறையில் தம் தாய்நாடான அயர்லாந்தில் இருந்தார். ஆகஸ்டு மாதம் குழுவின் தலைவர் ஜோசப் சுன்யோல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓகானல் அயர்லாந்திலேயே தங்கியிருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனாலும், அவர் பார்சிலோனாவுக்குத் திரும்பினார்.

1887இல் டப்ளின் நகரில் பிறந்த ஓகானல், தற்காப்பு ஆட்டக்காரராக விளங்கினார். 1914இல் ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அயர்லாந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஆட்டத்தின் நடுவே அவரது கை முறிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு அவர் இறுதிவரை ஆடினார். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. பிரிட்டிஷ் வெற்றியாளர் பட்டத்தை அயர்லாந்து முதன்முறையாகத் தனித்து வென்றது.

அடுத்த ஆண்டு நடந்ததோ வேறு கதை. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் குழுக்களின் ஆட்டக்காரர்கள் சிலர், சூதாட்டப் பணத்திற்காக ஓர் ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்தனர். அந்த ஆட்டத்தில் மான்செஸ்டருக்காக ஓகானல் உதைத்த பெனால்டி, கோல் கம்பத்தை விட்டு வெகுதூரம் விலகிச் சென்றது. வேறு சிலருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது, அவருக்கு விதிக்கப்படவில்லை. இருப்பினும், அந்த உதையைப் பற்றிய ஐயம் இன்றும் தீரவில்லை. 1922இல் அவர் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டு ஸ்பெயினுக்குச் சென்றார். இவற்றை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

ஸ்பெயினில் அவருக்கு 'டான் பாட்ரிசியோ' என்று பெயர். 1935இல் அவர் பயிற்றுவித்த பெட்டிஸ் குழு, இறுதி ஆட்டத்தில் சாண்டாண்டர் குழுவை 5-0 என வீழ்த்தி லீக் பட்டத்தை வென்றது. சாண்டாண்டர் அவர் முன்பு பயிற்றுவித்த குழுதான்! பெட்டிஸ் வென்ற ஒரே லீக் பட்டம் அது.

பிறகு பார்சிலோனாவுக்கு வந்தார், போரும் வந்தது. ஆட்டங்கள் குறைந்தன, வருமானம் வறண்டது, கடன் குழுவின் கழுத்தை நெரித்தது. அந்நிலையில் மெக்சிகோவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அங்கு வந்து ஆடினால் 15,000 டாலர் தருவதாக ஒரு வணிகர் கூறினார். 1937இல் ஓகானல் ஆட்டக்காரர்களுடன் கப்பலேறினார். மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் ஆடி முடித்தபின், பெரும்பாலோர் போருக்கு அஞ்சி வெளிநாடுகளிலேயே தங்கிவிட்டனர். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? ஓகானல் எஞ்சிய சிலரோடு திரும்பினார். ஈட்டிய பணம் பாரிஸ் நகர வங்கி ஒன்றில் பாதுகாக்கப்பட்டது. அதைக் கொண்டு குழுவின் கடன் அடைக்கப்பட்டது.

ஒரு குழுவைக் கடனிலிருந்து மீட்டவர், 1959இல் லண்டனில் வறுமையில் இறந்தார். பல பத்தாண்டுகள் அவரது கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. பின்னர், காற்பந்து ரசிகர்கள் பணம் திரட்டி அங்கே ஒரு கல்லை நட்டனர்.