கொலைகளுக்கு நடுவே ஓர் இல்லறம்

கதைகள் பெரும்பாலும் திருமணத்தோடு முடிந்துவிடுகின்றன. மணமேடை வரை நம்மை அழைத்துச் செல்லும் கதாசிரியர், அதற்குப் பின் நாற்பது ஆண்டுகள் அந்த இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைச் சொல்லாமலே விடைபெற்றுக்கொள்கிறார். துப்பறியும் கதைகளிலோ மணமேடைக்கே இடமில்லை. ஷெர்லக் ஹோம்ஸ் மணமாகாதவர், பொய்ரோவும் அவ்வாறே. கூர்மையான அறிவுக்கு இல்லறம் இடையூறு என்று அவர்களைப் படைத்தவர்கள் எண்ணினார்கள் போலும்!

இவ்வழக்கத்துக்கு விலக்காக, 1934 மே மாதத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது ‘தி தின் மேன்’ என்னும் திரைப்படம். டேஷியல் ஹாமெட் அதே ஆண்டில் வெளியிட்ட நாவலை எம்.ஜி.எம். நிறுவனத்துக்காகப் படமாக்கியவர் வான் டைக். தொழிலை விட்டு ஓய்ந்திருக்கும் துப்பறிவாளர் நிக் சார்லஸாக வில்லியம் பவலும், அவருடைய செல்வந்த மனைவி நோராவாக மிர்னா லாயும் நடித்தனர். கிறிஸ்துமஸ் காலத்தில் நியூயார்க்கில் தங்கியிருக்கும் இத்தம்பதியரின் வாசலில் ஒரு கொலை வழக்கு வந்து நிற்கிறது. தலைப்பில் வரும் ஒல்லி மனிதர் உண்மையில் காணாமற்போன ஒரு கண்டுபிடிப்பாளர். ஆனால் மக்கள் அப்பெயரை நிக்குக்கே சூட்டிவிட்டார்கள். பட நிறுவனமும் மறுக்கவில்லை. 1947 வரை வந்த மேலும் ஐந்து படங்களிலும் அப்பெயரையே ஒட்டவைத்துக்கொண்டது.

கொலைக் கதை சற்றுச் சிக்கலானது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. எத்தனை முறை பார்த்தாலும் மனத்தில் தங்குபவை வேறு காட்சிகள். கை நிறைய கிறிஸ்துமஸ் பொட்டலங்களோடு, நாய் இழுத்த இழுப்பில், பெருமக்கள் கூடும் விடுதிக்குள் குப்புற விழுந்தபடிதான் நோரா முதன்முதலாக நமக்கு அறிமுகமாகிறாள். எழுந்து அமர்ந்ததும், கணவர் எத்தனை கிண்ணம் அருந்தியிருக்கிறார் என்று கேட்கிறாள். ஆறு என்கிறார். உடனே பரிசாரகரை அழைத்துத் தனக்கு மேலும் ஐந்து கொண்டுவரச் சொல்கிறாள்! கணவரைக் கண்டிப்பதற்குப் பதிலாகக் கணக்கைச் சமன் செய்யும் மனைவியை அதற்கு முன் நான் எந்தக் கதையிலும் சந்தித்ததில்லை. வேறொரு சமயம், துப்பறியத் தன்னோடு வரத் துடிக்கும் அவளை ஏமாற்றி, வாடகைக் காரில் ஏற்றி, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த கிராண்ட்டின் கல்லறைக்கு அனுப்பிவிடுகிறார் நிக். கல்லறை எப்படி இருந்தது என்று பிறகு கேட்கிறார். மிக அழகாக இருந்ததாகவும், அவருக்கும் அதுபோல ஒன்று கட்ட ஏற்பாடு செய்திருப்பதாகவும் முகம் மாறாமல் பதிலளிக்கிறாள் நோரா.

இந்த உரையாடல்களில் ஒருவர் எப்போதும் வெல்வதும் மற்றவர் எப்போதும் தோற்பதும் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு என்று கருதுகிறேன். திரைக்கதையை எழுதிய பிரான்சஸ் குட்ரிச், ஆல்பர்ட் ஹாக்கெட் இருவரும் கணவன் மனைவியர், 1931-இல் மணந்தவர்கள். ஒரே மேசையில் இருவர் எழுதியதால் நோராவுக்காக வாதாடவும் அங்கே ஆள் இருந்தது.

கத்தோலிக்கராகிய நமக்கு இப்படத்தின் காலம் கவனிக்கத்தக்கது. திரைப்பட ஒழுக்க விதிகளை 1930-இல் வகுத்தவர்களுள் இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை டேனியல் லார்டும் ஒருவர். அமெரிக்கக் கத்தோலிக்கர் திரண்டெழுந்து நெருக்கியதால் 1934 ஜூலையில் அவ்விதிகள் கடுமையாக அமலுக்கு வந்தன. சில வாரங்கள் முந்திக்கொண்டு வெளியான படம் இது. விதிகள் இறுகிய பின் வேறு பல படங்களின் கவர்ச்சி வாடிப்போயிற்று. நிக், நோராவின் கவர்ச்சியோ வாடவில்லை. அவர்களது படுக்கையறையில் தொடக்கத்திலிருந்தே இரண்டு தனிக் கட்டில்கள்தாம். தணிக்கையாளரின் கத்தரிக்கோல் எட்டாத ஓர் இடத்தில், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வையில், அவர்களுடைய அன்பு குடியிருந்தது.

ஆயினும் இப்படத்தை முதன்முறை பார்த்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை. குடி புகுந்த வீட்டில் வளர்ந்தவன் நான். மாலையில் தந்தையின் காலடி ஓசை கேட்டதும் என் தாயின் பேச்சு நின்றுவிடும். எங்களோடு இருக்கையில் வாய்விட்டுச் சிரிப்பவர் அவர். தந்தையின் முன் ஒரு வேடிக்கைச் சொல் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே, நிக்கின் கையை விட்டு நீங்காத கிண்ணம் எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. மதுவிலக்கு 1933 டிசம்பரில்தான் அங்கே நீங்கியது, அந்த மகிழ்ச்சியில் நாடே திளைத்தது என்பதெல்லாம் தெரிந்த பிறகும் உறுத்தல் போகவில்லை. துப்பாக்கியோடு நுழைந்தவனிடமிருந்து காப்பாற்றுவதற்காக நிக் மனைவியையே குத்தி வீழ்த்தும் காட்சியும் அப்படித்தான். நினைவு திரும்பியதும், சண்டையைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டாரே என்றுதான் அவள் குறைப்படுகிறாள். நகைச்சுவைதான், எனக்குக் கசந்தது.

பின்னர் ஒருமுறை நோராவை மட்டும் கவனித்துப் பார்த்தேன். படம் முழுவதிலும் அவள் ஒரு கணமும் கணவருக்கு அஞ்சவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துத் தன் சொல்லை அளக்கவில்லை. அவளது குறும்பு அத்தனையும் அந்த அச்சமின்மையில் விளைந்தது. என் தாய்க்கு நகைச்சுவை உணர்வு இல்லாமல் இல்லை; அதைச் சொல்ல அவருக்குத் துணிவு தரும் கணவர் வாய்க்கவில்லை.

ஹாமெட்டுக்கும் மது வேடிக்கையாக அமையவில்லை. ‘தி தின் மேன்’ அவருடைய கடைசி நாவல். குடியால் உடல் நலிந்து, 1948-இல்தான் அதை விட்டார். 1961-இல் இறக்கும்வரை இன்னொரு நாவல் வெளிவரவில்லை. 1945-இல் வந்த ஐந்தாம் படத்தில், குடியை வெறுக்கும் தந்தையின் ஊருக்குச் செல்லும் நிக், ஆப்பிள் சாறு அருந்திக்கொண்டே துப்பறிகிறார். போர்க்காலத்து மதுத் தட்டுப்பாடும் அதற்குக் காரணம் என்பார்கள். எப்படியானாலும், கிண்ணம் நீங்கிய பிறகும் தம்பதியரின் பேச்சு மங்கிவிடவில்லை.

முதற்படத்தின் இறுதியில், சந்தேகத்துக்குரிய அனைவரையும் விருந்துக்கு அழைத்து நிக் வழக்கை விளக்குகிறார். நடுவில் நோரா குனிந்து, சொல்வதெல்லாம் உண்மைதானா என்று கிசுகிசுக்கிறாள். தெரியாது, ஆனால் இப்படிக் கொண்டால்தான் எல்லாம் பொருந்துகிறது என்கிறார் அவர். உலகமே வியக்கும் மேதை, மனைவியிடம் மட்டும் தன் அறியாமையைத் தயங்காமல் சொல்கிறார்! கிறிஸ்துமஸ் நாட்களில் இப்படத்தைப் போடும்போது, அந்த விருந்து வரும்வரை என் துணைவியார் கண் விழித்திருப்பார். கொலையாளி யாரென்று இருவருக்கும் தெரியும். வரவு செலவுக் கணக்கை நான் பெருமையோடு விளக்கும் நாட்களில், நோராவைப் போலவே என் பக்கம் குனிந்து அதே கேள்வியைக் கேட்கிறார்.