ஆயிரத்து நானூத்தம்பது ரூபா இன்சூரன்ஸ்

தீபாவளிக்கு அப்புறம் நான் எதுவுமே எழுதல. மஞ்சளுக்கு மண் அணைச்சது, வாய்க்கால் தண்ணி முறை வந்தது எல்லாம் எழுதணும்னு இருந்தேன். அதுக்குள்ள வீட்டுல ஒரு கஷ்டம் வந்துருச்சு. வீட்டுக்காரம்மா இப்ப நல்லா இருக்காங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். "எழுதுங்க, நாலு பேராவது படிச்சுட்டு ஏமாறாம இருக்கட்டும்"னு சொன்னாங்க.

நடந்தது இதுதான். வைகாசி மாசம் விதை மஞ்சள் வாங்கப் பணம் பத்தல. வீட்டுல இருந்த ஆறு பவுனைக் கொண்டுபோய் ஒரு தனியார் பைனான்ஸ்ல அடகு வெச்சேன். அங்க வேலை பாக்கற பையன் நம்ம பங்காளி வீட்டுப் பையன்தான், என்னைப் பெரியப்பான்னு கூப்பிடுவான். பணத்தை எண்ணிக் கொடுக்கறதுக்கு முன்னாடி சொன்னான்: "பெரியப்பா, ஆயிரத்து நானூத்தம்பது ரூபாதான். உங்களுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு லட்சத்துக்கு மருத்துவ இன்சூரன்ஸ். டெஸ்ட் கிடையாது, டாக்டர் சர்டிபிகேட் கிடையாது, ஒரு கேள்வியும் கிடையாது. கடன் தொகையிலயே கழிச்சுக்கலாம்."

ஒரு மூட்டை உர விலைக்கு ஒரு லட்சம் ரூபா பாதுகாப்புன்னா யாருக்குத்தான் கசக்கும்? சரின்னேன். போனுக்கு ஒரு நம்பர் வந்துச்சு. "அதைச் சொல்லுங்க பெரியப்பா"ன்னான், சொன்னேன். அவ்வளவுதான், முடிஞ்சுது. சாயங்காலம் போனுக்கு ஒரு பைல் வந்தது. இங்கிலீஷ்ல முப்பது பக்கத்துக்கு மேல. நான் படிச்சது பத்தாவது. முதல் பக்கத்துல எங்க ரெண்டு பேர் பேரும் சரியா இருக்குதான்னு பாத்துட்டு மூடி வெச்சுட்டேன்.

அத்தோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. பால் சொசைட்டில நின்னுக்கிட்டு நாலு பேர்கிட்ட பெருமையாச் சொன்னேன். எங்க தோட்டத்துக்குக் களை எடுக்க வர்ற அக்கா ஒருத்தங்க, "ஏனுங்கண்ணா, நானும் போடட்டுங்களா?"ன்னு கேட்டாங்க. "போடுக்கா, நல்லது"ன்னு சொல்லி நானே வண்டியில கூட்டிட்டுப் போனேன். அவங்க தோட்டை அடகு வெச்சு, அதே பாலிசியைப் போட்டாங்க. இப்ப நினைச்சாலும் எனக்கு நெஞ்சுல குத்தற இடம் அதுதான்.

தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி வீட்டுக்காரம்மாவுக்கு வலது பக்கம் விலாவுக்குக் கீழ வலி. பலகாரம் ஒத்துக்கலன்னு சீரகத் தண்ணி குடிச்சாங்க. விடியறதுக்குள்ள வாந்தி, காய்ச்சல். ஈரோட்டுல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினேன். ஸ்கேன் எடுத்துப் பாத்தா பித்தப்பையில கல்லு, பை வீங்கிக் கிடக்குது. ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்னாங்க.

எனக்குப் பயம்தான். ஆனா பணத்தைப் பத்தி மட்டும் பயம் இல்ல. இன்சூரன்ஸ் இருக்குதுன்னு தைரியமா சட்டைப் பையில இருந்து போனை எடுத்துக் கொடுத்தேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு ஒரு பத்து நிமிஷம் படிச்சுட்டு, "ஐயா, இதுல கேஷ்லெஸ் வராது. நீங்க பணம் கட்டிட்டு அப்புறம் கேளுங்க. ஆனா கிடைக்கறது கஷ்டம்"ன்னு மெதுவாச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு முகத்துல இருந்த இரக்கத்தை என்னால மறக்க முடியல.

பில் 78,400 ரூபா. நகை ஏற்கெனவே அடகுல. மஞ்சள் வெட்ட இன்னும் மூணு மாசம். கறவையில இருந்த செவலை மாட்டை 48,000-க்கு வித்தேன். மீதிய மச்சான் கொடுத்தார். கன்னுக்குட்டியை மட்டும் கொடுக்கல.

பணம் கேட்டு எழுதிப் போட்டு அஞ்சு வாரம் கழிச்சுப் பதில் வந்தது. முடியாதுன்னு. எங்க ஊர் வாத்தியார் ஒருத்தரை உட்கார வெச்சு மொத்தப் பாலிசியையும் வரி வரியாப் படிக்கச் சொன்னேன். அன்னிக்குத்தான் நான் என்ன வாங்கினேன்னு எனக்கே தெரிஞ்சுது.

பித்தப்பைக் கல்லு, சிறுநீரகக் கல்லு, குடலிறக்கம், மூலம், கண்புரை, கர்ப்பப்பை ஆபரேஷன் இதுக்கெல்லாம் 24 மாசம் காத்திருக்கணும்னு போட்டிருக்குது. சரி, இது நல்ல பாலிசிகள்லயும் இருக்கறதுதானாம். ஆனா என் பாலிசிக்கு ஆயுசே 12 மாசம்! கடன் முடிஞ்சா அதுவும் முடிஞ்சுது. புதுப்பிக்க முடியாது. அடுத்த வருஷம் மறுபடி அடகு வெச்சு மறுபடி போட்டா, காத்திருப்பும் மறுபடி ஒண்ணாம் நாள்ல இருந்து. பன்னிரண்டு மாசம் உசுரோட இருக்கற பாலிசில இருபத்திநாலு மாசம் காத்திருன்னா என்னங்க அர்த்தம்? அந்த நோய்க்கெல்லாம் எந்தக் காலத்துலயும் காசு கிடையாதுன்னு அர்த்தம். எங்க வயசுக்காரங்களுக்கு வர்றதே அந்த நோய்ங்கதான்.

வாத்தியார் அதோட நிறுத்தல. ரூம் வாடகை ஒரு நாளைக்கு இன்சூரன்ஸ் தொகையில ஒரு சதவீதம், அதாவது 1,000 ரூபாதான். நாங்க இருந்த ரூம் 2,500. வாடகை கூடினா அந்த வித்தியாசத்தை மட்டும் கழிக்கறது இல்லையாம், டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர்னு மத்த செலவையும் அதே விகிதத்துல வெட்டுவாங்களாம். அப்ப காசு வந்திருந்தாலும் முழுசா வந்திருக்காது.

கடைசியாத்தான் பெரிய அடி. விண்ணப்பத்துல "ஏற்கெனவே நோய் உண்டா?"ங்கற இடத்துல "இல்லை"ன்னு போட்டிருக்குது. வீட்டுக்காரம்மாவுக்கு ஆறு வருஷமா சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல மாசாமாசம் வீட்டுக்கே மாத்திரை வருது. ஊருக்கே தெரிஞ்ச விஷயம், பேப்பர்ல மட்டும் இல்லை. என்னை யாரும் கேக்கல. ஆனா நான் சொன்ன அந்த நம்பர்தான் என் கையெழுத்தாம். இதை வெச்சே நாளைக்கு வேற எந்த நோய்க்கும் அவங்க முடியாதுன்னு சொல்லலாம்.

அன்னிக்கு ராத்திரி கட்டுத்தறில உட்கார்ந்து யோசிச்சேன். அந்த செவலை மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டப்ப மாட்டு டாக்டர் நேர்ல வந்தார். பல்லைப் பாத்து வயசு குறிச்சார், ஈத்து எத்தனை, பால் எவ்வளவுன்னு கேட்டார், காதுல டேக் போட்டார். டேக் இல்லைன்னா காசு இல்லைன்னு தெளிவாச் சொன்னார். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் கொடுத்து, கடைசித் தேதி என்னன்னு நாலு தடவை கேட்டுக் கட்டறேன். விதை மஞ்சளை ஒடிச்சுப் பாக்காம வாங்கறது இல்ல. மாட்டுக்கும் மஞ்சளுக்கும் அத்தனை கேள்வி. வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் ஒரு கேள்வியும் இல்லைன்னு சொன்னப்ப, அதை நான் நல்ல விஷயம்னு நினைச்சேன் பாருங்க. வாங்கும்போது கேக்காத கேள்வியை எல்லாம் காசு கொடுக்கும்போது கேப்பாங்கன்னு அப்பத் தெரியல.

பங்காளிப் பையனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவன் அழுதுட்டான். "மாசம் இத்தனை பாலிசி போட்டே ஆகணும்னு டார்கெட் பெரியப்பா. உள்ள என்ன இருக்குதுன்னு எனக்கே சொல்லித் தரல. எங்கம்மாவுக்கும் இதைத்தான் போட்டு வெச்சிருக்கேன்." அவன் போனதுக்கு அப்புறம் வீட்டுக்காரம்மா சொன்னாங்க: "ஏனுங்க, அவன் மேல மட்டும் என்ன கோவம்? அந்த நம்பரைச் சொன்னது நீங்கதானே?"

அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?

இன்னொண்ணையும் மறைக்காமச் சொல்லிடறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்ககிட்ட இல்ல. வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் பிரீமியமே இல்லாமக் கிடைக்கறது. மூணு ஏக்கர்ல செலவு போக நிக்கறதைக் கணக்குப் போட்டா எனக்குத் தாராளமாக் கிடைக்கும். ஆனா "அது கூலிக்காரங்களுக்கு, நமக்கு எதுக்கு"ன்னு ஒரு வறட்டு கௌரவம். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவும் அதே கௌரவம். அந்த கௌரவத்தோட விலை ஒரு கறவை மாடு.

தேறினதும் முதல் வேலையா வி.ஏ.ஓ. கிட்டப் போய் வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தேன். ரேஷன் கார்டு, ஆதார், சான்று மூணையும் எடுத்துக்கிட்டுக் கலெக்டர் ஆபீஸ் போனோம். களை எடுக்க வர்ற அக்காவையும் கூட்டிட்டுப் போனேன். போற வழியில அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லி, "என்னாலதான் உனக்கு அந்தக் காசு போச்சு, மன்னிச்சுக்கோ அக்கா"ன்னேன். "விடுங்கண்ணா, நீங்க மாட்டையே வித்துட்டீங்க"ன்னாங்க. திட்டியிருந்தா ஆறுதலா இருந்திருக்கும். பால் சொசைட்டில நான் பெருமை பேசின நாலு பேர்கிட்டயும் போய் நடந்ததைச் சொல்லிட்டேன்.

அந்த அட்டையும் எல்லா ஆஸ்பத்திரிலயும் செல்லாது. அரசு ஆஸ்பத்திரிலயும், திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிலயும், பட்டியல்ல இருக்கற சிகிச்சைக்கு மட்டும்தான். அதனால நம்ம பக்கத்துல எந்தெந்த ஆஸ்பத்திரி சேர்ந்திருக்குதுன்னு நோய் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வெச்சுக்கணும். நான் காலண்டருக்குப் பின்னாடி எழுதி ஒட்டியிருக்கேன்.

டவுன்ல இருக்கற உங்களுக்கு ஆபீஸ்ல இன்சூரன்ஸ் இருக்கும். ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்குப் போன்லயே ஏதாச்சும் சல்லிசாப் போட்டுவிட்டுட்டு நிம்மதியா இருக்கறவங்க இருப்பீங்க. உங்களுக்காகத்தான் இதையெல்லாம் விசாரிச்சு எழுதறேன்.

குறுகிய காலப் பாலிசி எல்லாமே மோசம்னு நான் சொல்லல. 2020-ல கொரோனாவுக்குன்னு மூன்றரை மாசம், ஆறரை மாசம், ஒன்பதரை மாசம்னு பாலிசி வந்துச்சு. ஒரு நோய்க்கு, ஒரு காலத்துக்குன்னு தெரிஞ்சு வாங்கினது, அது சரி. வருஷம் பூராவும் எல்லா நோய்க்கும்னு நம்பி இதை வாங்கறதுதான் தப்பு. வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: வருஷா வருஷம் புதுப்பிக்க முடியுமா? எந்த நோய்க்கு எத்தனை மாசம் காத்திருக்கணும்? ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா? நம்ம ஊர் ஆஸ்பத்திரில கேஷ்லெஸ் உண்டா? இது ஆஸ்பத்திரி பில்லைக் கொடுக்கற பாலிசியா, இல்ல ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு மட்டும் கொடுக்கறதா, இல்ல விபத்துக்கு மட்டுமா? சர்க்கரை, பிரஷர் எது இருந்தாலும் மறைக்காம எழுதச் சொல்லுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

முன்னாடியே இருக்கற நோய்க்குக் காத்திருப்பு 48 மாசம் வரைக்கும் இருந்ததை 2024-ல அதிகபட்சம் 36 மாசம்னு குறைச்சிருக்காங்க. விடாம வருஷா வருஷம் கட்டறவங்களுக்குத்தான் அந்தக் காலம் கழியும். ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ போற பாலிசின்னா, பேப்பர் கைக்கு வந்த 30 நாளுக்குள்ள பிடிக்கலன்னு திருப்பிக் கொடுக்க வழி இருக்குது. நான் அந்த 30 நாள்ல பைலைத் திறந்தே பாக்கல. நியாயமாக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கலன்னா முதல்ல கம்பெனிக்கு எழுதணும். 30 நாள்ல பதில் வரலன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள சென்னைல இருக்கற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் ஆபீசுக்கு எழுதலாம். காசும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.

பொங்கலுக்குப் பங்காளிப் பையன் வீட்டுக்கு வரல. வீட்டுக்காரம்மாதான் பொங்கலைத் தூக்குல போட்டு எடுத்துட்டுப் போனாங்க. திரும்பி வந்து, "அவங்கம்மாவையும் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்கும் சர்க்கரை"ன்னாங்க. வர்ற திங்கக்கிழமை போறோம்.

நீங்களும் இன்னிக்கு ஊருக்குப் போன் போடும்போது, பீரோவுல இருக்கற அந்த இன்சூரன்ஸ் காகிதத்தை எடுக்கச் சொல்லி, என்னிக்கு முடியுதுன்னு மட்டுமாவது படிக்கச் சொல்லிக் கேளுங்க.

மஞ்சள் வெட்டு அடுத்த வாரம். நகையை மீட்டதும் எழுதறேன்ங்க.