பலவீனமான கை முதலில்

ஜனவரி 13, திங்கள், டாலஸ்

ஊரில் இன்று போகி. இங்கே எனக்கு முதல் வகுப்பு. நர்ஸ் எய்டு சான்றிதழுக்கு டெக்சஸ் மாநிலத்தில் 100 மணி நேரப் பயிற்சி: வகுப்பறையில் 60, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 40. எங்கள் வகுப்பில் 11 பேர். இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவரையும் கேட்டார். "தஞ்சாவூரில் என் அம்மா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். போன வருஷம் மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொண்டேன். இது எனக்கு வரும்" என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

ஜனவரி 15, புதன்

இந்தப் பயிற்சி வந்த கதையை இன்று நடத்தினார்கள். முதியோர் இல்லங்களின் மோசமான நிலையைப் பற்றி 1986-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் நாடு முழுக்கக் கட்டாயமானது அதனால்தான். வேலை பார்ப்பவர்களின் வசதிக்காக ஒரு முதியவரைக் கட்டிலோடு கட்டிப்போடக் கூடாது என்று சொன்னதும் அதே சட்டம்தான்.

யாரையும் தொடுவதற்கு முன்னால் முதல் 16 மணி நேரத்தில் படித்தாக வேண்டிய பாடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, அங்கே வசிப்பவர்களின் உரிமைகள். கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். நம் பெயரைச் சொல்ல வேண்டும். செய்யப்போவதைச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். அம்மாவின் போர்வையை ஒரு நாளாவது சொல்லிவிட்டு விலக்கியிருக்கிறேனா?

ஜனவரி 21, செவ்வாய்

உடை மாற்றும் பயிற்சி. நான் வலது பக்கம் செயலிழந்த நோயாளியாக உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்காரும் நேபாளத்துப் பெண் எனக்குச் சட்டை போட வேண்டும். வேண்டுமென்றே முதலில் தவறாகப் போடச் சொன்னார் ஆசிரியை. நல்ல கையை முதலில் நுழைத்தாள். சட்டை முதுகில் இறுகிக்கொண்டது. மிச்சமிருந்த சட்டைக்குள் வலது கையைத் திணிக்க, அதைப் பின்னால் வளைத்து இழுத்தாள். தோள்பட்டையில் சுரீர் என்றது.

பிறகு சரியான முறை. சட்டைக் கையைச் சுருட்டித் தன் கையை மணிக்கட்டுப் பக்கமாக உள்ளே விட்டு, என் விரல்களைப் பற்றிக்கொண்டு, துணியை மெல்ல மேலே ஏற்றினாள். நல்ல கை பிறகு தானாகவே நுழைந்துகொண்டது. போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். இவ்வளவுதான் பாடம்.

அந்த மூன்று மாதமும் தினம் காலையில் ரவிக்கை போடும்போது அம்மா பல்லைக் கடிப்பார். வாய் பேச வராது. "கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி இழுப்பேன். நோயின் வலி என்று நினைத்திருந்தேன். அது என் கை கொடுத்த வலி. பாசத்தில் குறை வைக்கவில்லை. ஆனால் பாசம் கைக்கு எதையும் கற்றுக்கொடுத்துவிடாது. அதைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

இரவு எட்டு மணிக்கு அண்ணிக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் அம்மாவுக்கு உடம்பு துடைக்கும் நேரம். "அண்ணி, வலது கையை முதல்ல விடுங்க. கொக்கி கடைசியில போட்டுக்கலாம்." அண்ணி செய்து பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. "இத்தனை நாள் இது தெரியாம போச்சேம்மா" என்றார்.

ஜனவரி 28, செவ்வாய்

இல்லத்தில் இரண்டாம் நாள். இங்கே யாரையும் பேஷண்ட் என்று சொல்லக் கூடாது. ரெசிடென்ட், அதாவது இங்கே குடியிருப்பவர். வீடு அவர்களுடையது, வந்துபோகிறவர்கள் நாம். சக்கர நாற்காலிக்கு மாற்றும்முன் பிரேக் போட்டாயிற்றா, வழுக்காத காலணி இருக்கிறதா, இடுப்பில் பிடித்துத் தாங்குவதற்கான கெயிட் பெல்ட் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். எனக்கு வழிகாட்டிய எய்டுக்கு அந்தக் காலையில் பத்துப் பேர். அவர் ஓடிக்கொண்டே இருந்தார். ஆனாலும் ஒவ்வொரு அறையை விட்டு வரும்போதும் அழைப்பு மணியின் பொத்தானை ரெசிடென்டின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்க அவர் மறக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

செய்முறைத் தேர்வு. கைகழுவுவதிலேயே பலர் தோற்பார்கள் என்று பயமுறுத்தியிருந்தார்கள். விரல் நுனிகள் கீழ்நோக்கி இருக்க 20 விநாடி தேய்த்தேன். குழாயைக் காகிதத் துண்டால் மூடினேன். தேறிவிட்டேன். மாநிலப் பதிவேட்டில் இனி என் பெயரும் ஏறும்.

சேதி சொல்ல அழைத்தபோது அண்ணி என்னை முந்திக்கொண்டார். "உனக்கொண்ணு சொல்லணும். ரவிக்கையைக் கையில எடுத்தாலே போதும், அத்தை தானே இடது கையால வலது கையைத் தூக்கிக் குடுக்கறாங்க."