சுவிட்சை நம்பி ஸ்டூலில் ஏறாதீர்கள்

ஒரகடம் கூட்டுச்சாலையைச் சுற்றியுள்ள ஆலைகளில் பராமரிப்புப் பிரிவு எலக்ட்ரீஷியன் வேலை செய்வதைக் கவனித்தால் ஒன்று புரியும்: சுவிட்ச் 'ஆஃப்' என்று காட்டுவதை அவர் நம்புவதே இல்லை. ஐசொலேட்டரை இறக்கி, தன் பூட்டைப் போட்டு, அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீட்டரால் சோதித்த பிறகே கை வைப்பார். அமெரிக்காவில் 1989-இல் விதியாக வந்த இந்த 'லாக்-அவுட் டேக்-அவுட்' முறை இன்று இங்குள்ள கார், செல்போன் ஆலைகள் வரை பரவியிருக்கிறது. அதே ஆள் ஷிப்ட் முடிந்து வல்லத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ தன் வாடகை போர்ஷனுக்குப் போய், பழுதான டியூப் லைட்டைக் கழற்றி எல்.இ.டி. பேட்டன் மாட்டும்போது, சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டு ஸ்டூலில் ஏறிவிடுகிறார். இந்த வட்டார வயர்மேன்களிடம் பேசினால், அவர்களுக்குப் புது ஃபிட்டிங்கைப் பற்றிப் பயமில்லை என்பது தெரியும். அதற்குப் பின்னால் சுவருக்குள் போகும் வயரைப் பற்றித்தான் பயம். அவர்கள் சொல்வது சரி என்றே நினைக்கிறேன்.

வீட்டு விளக்கை நாமே மாற்றுவது குற்றமா என்றால், இல்லை. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில்தான் வயரிங் வேலை நடக்க வேண்டும் என்று சொன்ன 1956 இந்திய மின்சார விதிகளின் 45-ஆம் விதியே, பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், ஃபிட்டிங் ஆகியவற்றை, மின்னமைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்வதற்கு விலக்கு கொடுத்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிமுறைகளும் அந்த விலக்கைத் தொடர்ந்தன. நியாயமான விலக்குதான். ஆனால் உள்ளே இருக்கும் வயரிங் ஒழுங்காக இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

1996-க்குப் பிறகு, இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்ததிலிருந்து, இந்தப் பக்கம் வீடுகள் மாடிமேல் மாடியாக, போர்ஷன் போர்ஷனாக வளர்ந்தன. அப்படி வளர்ந்த கட்டிடத்தில் ஒவ்வொரு முறையும் பழைய லைனிலிருந்தே கிளை இழுத்திருப்பார்கள். அங்கே மூன்று பொறிகள் இருக்கலாம். ஒன்று, சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பது. சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். ஃபிட்டிங்கின் முனையிலோ 230 வோல்ட் அப்படியே நிற்கும். அணைத்த பிறகும் எல்.இ.டி. விளக்கு இருட்டில் மினுக்கினால் இதையும் சந்தேகிக்கலாம், சுவிட்சில் உள்ள சின்ன இண்டிகேட்டரும் அப்படிச் செய்யும் என்றாலும். இரண்டாவது, பக்கத்து போர்ஷனோடு நியூட்ரலைப் பங்கிட்டிருப்பது: நம் எம்.சி.பி.யை இறக்கினாலும், அந்த நியூட்ரலைப் பிரித்தால், பக்கத்து வீட்டில் ஓடும் ஃபேன் வழியாகப் பிரிந்த முனைக்குக் கரண்ட் வந்து நிற்கும். மூன்றாவது இன்வெர்ட்டர். மெயினை இறக்கியதும் கரண்ட் போய்விட்டது என்று அது நினைத்துக்கொண்டு, தன் லைனுக்குத் தானே மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். நம் ஊரில் இதை மறப்பதுதான் சுலபம்.

'எம்.சி.பி. இருக்கிறதே' என்பார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பது, ஆளைக் காப்பதற்கு அது செய்யப்படவில்லை. ஆம்பியர் கணக்கில் ஓடும்போதுதான் அது விழும். மனிதனுக்கு மில்லி ஆம்பியரே போதும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் ஆர்.சி.சி.பி. உண்மையிலேயே உயிர்காப்பான். ஆனால் உலர்ந்த மர ஸ்டூலில் நின்று ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் கசிவு என்று எதுவும் இல்லை. அதன் கணக்கில் நாமும் ஒரு பல்பு. 'டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்' என்பது இன்னொரு பதில். நியான் டெஸ்டர் நம் உடம்பு வழியாகப் போகும் துளி மின்னோட்டத்தில் எரிவது. மர ஏணியில் நின்றால் மங்கலாம், பகல் வெளிச்சத்தில் தெரியாமலும் போகலாம். டெஸ்டர் எரிந்தால் நம்பலாம், எரியவில்லை என்பதை மட்டும் வைத்து நம்பக் கூடாது. கரண்ட் உள்ள பிளக்கில் முதலில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு ஃபிட்டிங்கின் எல்லா வயரிலும் வைத்து, திரும்பவும் பிளக்கில் வைத்துப் பார்ப்பதுதான் ஒழுங்கு. அதோடு, லேசான ஷாக்கே ஆளைத் தள்ளிவிடும். பிளாஸ்டிக் ஸ்டூலிலிருந்து விழும் அடி ஷாக்கைவிடப் பெரிதாக இருக்கலாம்.

வலுவான ஆட்சேபம் காசு சம்பந்தப்பட்டது. ஒரு டியூப் லைட்டுக்காக எந்த வயர்மேன் வருவார், வந்தாலும் என்ன கேட்பார்? உண்மை. அதனால்தான் நானும் 'தொடவே தொடாதே' என்று சொல்லவில்லை. மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைத்து, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டு, சோதித்த பிறகு மாற்றுவதற்குப் பணம் தேவையில்லை, பத்து நிமிடம் போதும். சீலிங் ரோஸைத் திறந்ததும் இரண்டு வயருக்குப் பதில் நான்கைந்து வந்தாலோ, இன்சுலேஷன் கருகி உதிர்ந்தாலோ, உலோக ஃபிட்டிங்குக்கு எர்த் வயரே இல்லாவிட்டாலோ அங்கேயே நிறுத்தி மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் அது ஃபிட்டிங் வேலை இல்லை, வயரிங் வேலை. சட்டத்தின் விலக்கு அங்கே முடிந்துவிடுகிறது.

வீட்டு உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். குடித்தனக்காரர் மாறும்போது சுவருக்கு வெள்ளையடிக்கிறீர்கள். அடுத்த முறை, தகுதிச் சான்று உள்ள வயர்மேனை வைத்து சுவிட்சுகள் ஃபேஸில் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி நியூட்ரலும் ஆர்.சி.சி.பி.யும் போட்டு, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.